அண்ணாச்சி போட்ட ஒட்டு

அவர் குடையை விரித்தால் அதில் எத்தனை விதத் துணி இருக்கிறது என்று தெருப் பையன்கள் எண்ணிப் பார்ப்பார்கள். கறுப்புக் குடையாகத்தான் வாங்கியிருக்கிறார். நான் பார்த்த காலத்தில் கறுப்பு ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் பழைய சேலை, மெத்தை உறை, ஆபீசில் கழித்துப்போட்ட பச்சைப் படுதா. மழை நாளில் எங்கள் பவானிபூர் சந்துக்குள் அந்தக் குடை நுழைந்ததும், "மத்ராஜி பாபுர் ராம்தோனு!" என்று பையன்கள் கூவுவார்கள். ராம்தோனு என்றால் வானவில். அவர் கோபிக்க மாட்டார். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று குடையைச் சற்றுச் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவார்.

நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். இரத்த உறவு கிடையாது. இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவில் உறவு கொண்டாட அது போதும். அவர் ஒரு வெள்ளைக்காரச் சணல் கம்பெனியில் பழைய காகிதக் கட்டுகளுக்குக் காவல். நான் சர்க்கார் கணக்கு ஆபீசில் இருந்தேன். வீட்டை என் பெயரில் வாடகைக்கு எடுத்து, கீழ்ப் பகுதியை அவருக்கு விட்டிருந்தேன். மாடியில் நானும் என் மனைவியும் சின்ன மகளும். கீழே அவரும் அவர் மனைவியும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அவரை நாங்கள் அப்படியே அழைத்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அண்ணாச்சி எதையும் தூக்கிப் போட மாட்டார். கஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. அது தப்பு. விருந்துக்கு ஆள் வந்தால் கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டு மறுநாள் வெறும் சுண்டைக்காய் வற்றலோடு சாப்பிடுகிறவர். உடைந்த பொருளைக் கண்டால் அவர் முகம் மாறும். காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். தொட்டுப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். அரக்கு, மெழுகு, சணல், தகரத் துண்டு எல்லாம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் வைத்திருந்தார். அந்த டப்பாவும் ஒட்டுப் போட்டதுதான்.

"தூக்கிப் போட ஒரு கை போதும் வே. ஒட்டவைக்கத்தான் ரெண்டு கை வேணும்" என்பார். இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது. மைனி அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார்: "எனக்கு எப்ப ஒட்டுப் போடப் போறீக? இடுப்பு விட்டுப்போய்க் கெடக்கு."

மைனியிடம் தாய்வீட்டுச் சீதனமாக ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. ரயில் பயணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற திருகுமூடிக் கூஜா. மூடியின் மரை தேய்ந்து தண்ணீர் கசிந்தது. புதிது வாங்கலாம் என்று மைனியே சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு உட்கார்ந்தார். மெழுகுநூல் சுற்றினார், பிரித்தார், தேய்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் அது ஒரு சொட்டும் விடாமல் நின்றது. அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் சோதனைதான். கூஜா நிறையத் தண்ணீர் பிடித்து, வந்தவர் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிப்பார். என் ஆபீஸ் சூப்பிரண்டு ஒரு முறை வந்தபோது அவருடைய பட்டுத் தலைப்பாகைக்கு மேலேயும் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. "பாத்தீகளா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

இன்னொன்று. எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சமயம் பெரிய சண்டை. காரணம் மறந்துவிட்டது. பல நாள் பேச்சில்லை. அண்ணாச்சி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். "கால் ஆடுது வே. நீரு அந்தப் பக்கம் பிடியும். தங்கச்சி, நீ இந்தப் பக்கம் பிடிம்மா. அசங்கப்படாது, அரக்கு காயணும்" என்றார். எங்கள் இருவரையும் எதிரும் புதிருமாக நிறுத்திவிட்டு, கயிறு எடுத்து வருகிறேன் என்று கீழே போனவர் வரவேயில்லை. கை வலித்தது. நான்தான் முதலில், "போனவரைக் காணோமே" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு பார்த்தால் அந்த நாற்காலிக் கால் நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர் அவர். இதை முதலில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதைப் படிப்பவர்கள், குற்றம் அவருடைய பழக்கத்தில் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

தலைநகரம் கல்கத்தாவை விட்டு டெல்லிக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்திருந்த காலம். என் ஆபீஸும் போகிறது, நானும் போகவேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. எப்போது என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் எதற்கும், "டெல்லிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லப் பழகிவிட்டோம். அண்ணாச்சியின் கம்பெனி எங்கும் போகவில்லை. அவர் அதே வீட்டில் இருக்கப்போகிறவர்.

அந்தக் கோடையில் முற்றத்தின் நடுவில் தளம் உள்வாங்கியது. கூடவே ஒரு நாற்றம். பின்கட்டில் இருந்த கக்கூஸிலிருந்து சந்தில் ஓடும் பெரிய சாக்கடை வரைக்கும், முற்றத்துக்கு அடியில் மண் குழாய் ஒன்று போயிற்று. வழவழப்பான பூச்சுள்ள குழாய். முழம் முழமாகக் கோத்து, மூட்டுக்கு மூட்டுச் சிமெண்டு வைத்துப் புதைத்தது. கிணற்றை ஒட்டித்தான் அது போயிற்று. கக்கூஸ் கழுவ வரும் மேத்தர் கிழவன் குந்தி உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டு, குழாய் போயிற்று பாபு என்றான். வீட்டுக்காரர் வங்காளிக் கிழவர், காசியில் போய் இருந்தார். அவருடைய மருமகனிடம் சொன்னேன். "எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆகிற செலவை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆகவே பணம் ஒரு காரணம் என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

முனிசிபல் ஓவர்சியர் வந்து பார்த்த அன்று எனக்கு விடுமுறை, அண்ணாச்சிக்கு இல்லை. ஓவர்சியர் மெலிந்த வங்காளி. தளத்தில் இரண்டு இடத்தில் பெயர்த்துப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு என்னோடு இங்கிலீஷில் பேசினார். படித்தவனிடம் இங்கிலீஷில் பேசுவது அந்தக் காலத்து மரியாதை. அவர் சொன்னது இதுதான். பக்கத்துச் சுவரில் முளைத்த அரசமரத்தின் வேர் குழாயின் மூட்டுகளில் புகுந்திருக்கிறது. ஓர் இடத்தில் உடைந்தது வெளியே தெரிகிறது. தெரியாமல் பல மூட்டுகள் விட்டிருக்கும். ஒட்டுப் போட்டால் போட்ட இடம் கொஞ்ச நாள் நிற்கும், வேறோர் இடம் விடும். முழுவதையும் எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போடுங்கள். அதைவிட முக்கியம், அதுவரை இந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். மழை பிடிப்பதற்குள் செய்துவிடுங்கள். கடைசியில் மரியாதைக்கு ஒரு 'மொஷாய்', நம் ஊர் 'ஐயா' போல.

மைனி அடுப்படிக் கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஓவர்சியர் போனதும் தலையை நீட்டினார்.

"என்ன சொல்லுதாரு கொழுந்தனாரே, இவ்வளவு நேரம்?"

"குழாய் பழசாயிட்டாம் மைனி. பாத்துக்கிடலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். ஒரே பெரிய காரணம் என்று எதுவும் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. முற்றம் முழுவதையும் தோண்டினால் கக்கூஸை மூடவேண்டும். வீட்டில் பெண்கள் எங்கே போவார்கள்? கிணற்றை விடச் சொன்னால் மைனி ஒப்பமாட்டார். சந்து முனையில் முனிசிபல் குழாயில் வரும் வடிகட்டிய தண்ணீரை அவர் கால் கழுவக்கூட யோசிப்பார். குழாய்க்குள்ளே தோல் வில்லை வைத்திருக்கிறார்கள், மாட்டுத்தோல் பட்ட தண்ணீரில் சோறாக்கிச் சாமிக்குப் படைப்பதா என்பார். நாங்கள் சைவர்கள், என் மனைவிக்கும் அதே எண்ணம்தான். இந்தச் சண்டையெல்லாம் போட்டு முடிப்பதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிடும். போகிற இடத்துக்குப் பெட்டி கட்டுகிறவனுக்கு இருக்கிற வீட்டின் குழாய் எதற்கு? இப்படி ஓடியது என் புத்தி.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முற்றத்துப் பள்ளத்தில் குனிந்து பார்த்தார். முகத்தில் அந்தக் காய்ச்சல்காரனைப் பார்க்கிற பார்வை வந்துவிட்டது.

"என்ன வே சொன்னான் ஓவர்சியர்?"

"மாத்தினா நல்லதுங்காரு."

"மாத்தாட்டா?"

"ஒட்டினாலும் கொஞ்ச நாள் நிக்குமாம்."

அது பொய் இல்லை. அவர் சொன்னதில் ஒரு துண்டு. மீதியை நான் விழுங்கிவிட்டேன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

"பெறகென்ன? ஒரு எடம் ஒடைஞ்சதுக்கு ஊரையே பேத்து எறியச் சொல்லுதானா? ஒரு பல்லு ஆடுனா மொத்தப் பல்லையும் பிடுங்குவானா? நான் பாத்துக்கிடுதேன்."

மைனியும் சேர்ந்துகொண்டார். "தோண்டுனா கெணத்தை மூடச் சொல்லுவாங்க. என் கட்டையில உசிரு இருக்க மட்டும் அந்தத் தோல் தண்ணி இந்த அடுப்படிக்கு வராது. ஒட்டிப் போடுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வீடு என் பெயரில் இருந்தது. "சரி, ஒட்டிப்போடுங்க அண்ணாச்சி" என்றேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். மேத்தர் கிழவன் கையைப் பிசைந்துகொண்டு மேலே நின்றான். தான் செய்யவேண்டிய வேலையில் ஒரு பாபு கை வைப்பது அவனுக்குத் தாளவில்லை.

"பாபு, ஜாத் சொலே ஜாபே!" என்றான். சாதி போய்விடும் என்று.

"போனா எங்க போகும்? குளிச்சா திரும்பி வந்திரும்" என்று அண்ணாச்சி தம் கடைத்தெரு வங்காளியில் சொன்னார். கிழவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அண்ணாச்சி தாரில் ஊறவைத்த சணலை மூட்டில் திணித்து, சிமெண்டு பூசி, அதன்மேல் தகரப்பட்டை சுற்றி, மறுபடி பூசினார். கூஜா மூடிக்குச் சுற்றியதைப் போலவே, அவசரப்படாமல். முடித்துவிட்டு மேலே வந்தவரைக் கிணற்றடியில் உட்கார்த்தி, மைனி வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினார். "வாயைத் திறந்து கொப்புளியுங்க. நல்லாக் கொப்புளியுங்க" என்று அதட்டினார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அவர் வாயைக் கொப்புளித்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே ஒரு ஒரியாக்காரனை ஏற்பாடு செய்தேன். சந்து முனைக் குழாயிலிருந்து குடம் குடமாக எங்கள் மாடிக்குத் தண்ணீர் கொண்டுவரவேண்டும். குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மனைவியிடம் சொன்னேன். குழந்தை பெயரைச் சொன்னதால் அவள் மறு பேச்சுப் பேசவில்லை. பிறகு நாங்களும் அதையே குடித்தோம். படிக்கிறவர்கள் ஊகிக்கவேண்டாம் என்று இதைத் தெளிவாகவே எழுதுகிறேன். கிணறு கெட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் குடும்பத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன்.

மைனி ஒரியாக்காரனைப் பார்த்துக் கேலி செய்வார். "மேல் வீட்டுக்காரக டெல்லிக்குப் போகப் போறாகல்லா? இப்பவே தொரைமார் தண்ணி குடிச்சுப் பழகுதாக." என் மனைவி வெட்கப்படுவாள். பாவம் என்று மைனி, எங்கள் வீட்டுச் சாமி விளக்கடியில் வைப்பதற்கென்று தினம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் தனியே அனுப்புவார்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பினேன். கீழ்வீட்டு அடுப்படி வாசலில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு டம்ளர் நீர்மோர். மைனி கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுத்திருந்தார். மகள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். டம்ளர் முற்றத்தில் உருண்டது. மகள் வீறிட்டாள்.

மைனி சிரித்தார். "என்ன கொழுந்தனாரே, என் கையில விஷமா இருக்கு?"

பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"சளி பிடிச்சிருக்கு மைனி. மோர் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதைச் சொன்னா நான் குடுப்பேனா? இதுக்குப் போயி பிள்ளையைப் பயமுறுத்திட்டீகளே." குனிந்து, சிந்திய மோரைத் தம் முந்தானையாலேயே துடைத்தார். டம்ளரில் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வீணாகக் கூடாது என்று அதை அண்ணாந்து அவரே குடித்தார்.

மழை பிடித்தது. சந்தில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. அண்ணாச்சி தினமும் முற்றத்தில் குந்தி மோந்து பார்த்துவிட்டு, "நாத்தம் இல்லை பாத்தீரா?" என்பார். ரதயாத்திரை அன்று தெருப்பிள்ளைகள் சின்னச் சின்ன மரத்தேர் இழுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்க மைனி வாசலுக்கு வரவில்லை. காலையிலேயே வாந்தியும் பேதியும் தொடங்கியிருந்தது. வங்காளி டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன தண்ணீர் குடித்தார் என்று என்னைக் கேட்டார். கிணறு என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். மைனியின் கன்னம் குழிந்து, விரல்கள் துவைத்த துணிபோலச் சுருங்கிவிட்டன. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டார். அண்ணாச்சி கொடுத்துக்கொண்டே இருந்தார். தெருவில் தேர்ச் சத்தம் ஓய்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் முனிசிபல் ஆட்கள் வந்து கிணற்றில் மருந்து கொட்டினார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறியது. அண்ணாச்சி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியங்கள் முடிந்தபின் ஒரு காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு இறங்கினேன். தாம் ஒட்டிய இடத்தை அவரே தோண்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் நிமிர்ந்தார். முகமெல்லாம் சேறு.

"வாரும். வந்து பாரும். என் ஒட்டு விடலை வே. கல்லு மாதிரி நிக்குது." தகரப்பட்டையைத் தட்டிக் காட்டினார். "ஆனா அங்க பாரும். கெணத்துப் பக்கம். மூட்டுக்கு மூட்டு வேரு. எல்லாம் விட்டுப்போய்க் கெடக்கு. நான் இந்த ஒரு எடத்தைத்தானே பாத்தேன். நான் ஒட்டாம இருந்தா முழுசும் மாத்தியிருப்பீரு. நான்லா கெடுத்தேன்?"

"இல்ல அண்ணாச்சி. ஊரெல்லாம் பேதி இருக்கு."

"அந்த ஓவர்சியர் பேத்துப் பாத்தானே. இதை அவன் பாத்திருப்பானே. கெணத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

நான் சொன்னேன்: "அவன் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி."

அவர் யாரையும் வைது நான் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த ஓவர்சியரை, அவன் வம்சத்தை, அவன் கையைக் காலை வைதார். வைதுவிட்டு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். நான் மேலே நின்றேன். கையைக் கொடுத்துத் தூக்கிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு முழுக் குழாயையும் மாற்றினார்கள். அண்ணாச்சியே வீட்டுக்காரரின் மருமகனிடம் போய்ச் சொல்லி ஏற்பாடு செய்தார். இரும்புக் குழாய்கள் வந்தன. முற்றத்தைத் தோண்டினார்கள், புதைத்தார்கள், மூடினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண்களுக்குப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் தாமாகவே வந்து தம் வீட்டுப் பின்கட்டைத் திறந்துவிட்டார். நான் பெரிதாகப் பயந்த தொந்தரவு அவ்வளவுதான்.

அண்ணாச்சி அதற்குப்பின் எதையும் ஒட்டவில்லை. பிஸ்கெட் டப்பா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு புயல் மழையில் குடைக்கம்பி முறிந்தது. அதைக் கொண்டுபோய்ச் சந்து முனைக் குப்பையில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தார். வானவில் கிடக்கிறது என்று பையன்கள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள். "லாக்பே நா" என்றார். வேண்டாம் என்று. அவர்கள் நம்பாமல் வெகுநேரம் வாசலில் நின்றார்கள். நான் படியில் நின்றிருந்தேன். என்னிடம், "ஒரு கை போதும் வே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் சந்தும் அந்த ஓவர்சியர் பொறுப்பில்தான் இருந்தது, என்றாவது அவரும் அண்ணாச்சியும் பேசிவிடுவார்கள் என்பதுதான் என் பயம். சாலையில் அவரைக் கண்டால் எதிர்ப்புறம் மாறிப்போவேன். டெல்லி உத்தரவு எப்போது வரும் என்று ஆபீசில் நச்சரித்தேன். ஆனால் உத்தரவு வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், சந்து முனைக் குழாயடியில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அண்ணாச்சி கையில் கூஜா இருந்தது. ஓவர்சியர் கையை நீட்டி நீட்டி எங்கள் வீட்டுப் பக்கம் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பினார். நானும் கூப்பினேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று இரவு மாடியில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து அவர் ஏறி வருவார் என்று காத்திருந்தேன். வந்து சட்டையைப் பிடித்திருந்தால், காறித் துப்பியிருந்தால், இந்த வயதில் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். அவர் வரவில்லை. மறுநாள் காலை வாசலில் எதிர்ப்பட்டபோது, "அந்த ஓவர்சியர் நல்ல மனுஷன் வே" என்றார். சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தார்.

நாங்கள் புறப்பட்ட அன்று அவர் ஹவுராவுக்கு வந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்தார். மூட்டைகளை ஏற்றிவிட்டு நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு அடியில் வந்து நின்றார். கையில் மைனியின் கூஜா. அதை உள்ளே நீட்டினார்.

"பாப்பாக்கு வழியில தவிக்கும். குடும்."

நான் கையை நீட்டினேன். ஆனால் என் கண் கூஜாவின் மூடிக்குப் போயிற்று. அதை அவர் பார்த்துவிட்டார்.

"கொழாய்த் தண்ணிதான். நானே காய்ச்சி ஆறவச்சிருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் மனைவிக்குக் கேட்காதபடி சொன்னார்: "பயப்படாண்டாம் வே."

வண்டி நகர்ந்தது. அவர் கூட நடந்துவரவில்லை. நின்ற இடத்தில் நின்றார். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை. சில வருஷம் கழித்து, கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் அவர் போய்விட்டது தெரிந்தது. எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பர்த்வான் தாண்டியதும் மகள் தண்ணீர் கேட்டாள். மூடியைத் திருகினேன். மெழுகுநூல் இன்னும் இறுக்கமாக இருந்தது. மகள் இரண்டு கையாலும் கூஜாவைப் பிடித்துக்கொண்டு, வயிறு நிறையக் குடித்தாள். அம்மாவுக்கும் கொடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

எனக்கும் தாகமாக இருந்தது. வாங்கி, மூடியை இறுகத் திருகி, மடியில் வைத்துக்கொண்டேன்.